அண்டை வீட்டாராய் வாழ்ந்த ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

ஓர் ஊரில் பொதுத்தொண்டு செய்யும் அமைப்புகள் பல இருப்பது அவ்வூருக்குக் கிடைத்த பேறு ஆகும். ஒரு சங்கம் மாணவர்க்குக் கல்வி உதவி வழங்கும். மற்றொன்று ஏழைப் பெண்களின் திருமணத்திற்குத் துணை நிற்கும். இளைஞர்கள் இரத்த தானத்திற்கு ஓடுவர். வசதியுள்ளோர் அரிசியும் துணியும் பகிர்வர். ஆயினும், இவை ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நடைபெறுமானால், ஒரே வீட்டிற்கு மூன்று இடங்களிலிருந்து அரிசி சென்று சேரும். அடுத்த வீட்டில் அடுப்பு எரியாது. கேட்கத் தெரிந்தவர் பெறுவார். கேட்க நாணுபவர் பசித்திருப்பார். இக்குறை எந்த ஒரு நாட்டிற்கும் சமுதாயத்திற்கும் மட்டும் உரியதன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இதே குறையைக் கண்டு, அதைத் தீர்ப்பதற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்தவர் ஜேன் ஆடம்ஸ் அம்மையார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை ஜமாஅத்தார்களின் சிந்தனைக்காக இவ்வாண்டு மலரில் தருகின்றோம்.

பிறப்பும் இளமையும்

1860ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், இல்லினாய் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள சீடர்வில் என்னும் சிற்றூரில் ஜேன் ஆடம்ஸ் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை உரிமையாளர். மாநிலச் சட்டமன்ற மேலவையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். இரண்டு வயதிலேயே தாயை இழந்த ஜேன், தந்தையின் நேர்மையைக் கண்டு வளர்ந்தார். சிறு வயதில் முதுகுத்தண்டைத் தாக்கிய காசநோயால் அவர் உடல் சற்று வளைந்தது. அக்குறை வாழ்நாள் முழுவதும் அவரை வருத்தியது.

ராக்ஃபோர்டு நகரிலிருந்த பெண்கள் கல்லூரியில் 1881ஆம் ஆண்டு படிப்பை முடித்தார். அதே ஆண்டில் தந்தை மறைந்தார். மருத்துவராகி ஏழைகளுக்குப் பணிபுரிய விரும்பி பிலடெல்பியாவிலிருந்த மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவரை உடல்நலக் குறைவு திரும்பச் செய்தது. செல்வம் இருந்தது, கல்வி இருந்தது, செய்வதற்குரிய பணி எதுவெனத் தெரியவில்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் இந்தத் தவிப்பிலேயே கழித்தார்.

இலண்டனில் கண்ட காட்சி

1883ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்தின்போது, இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு அவர் ஒரு காட்சியைக் கண்டார். வாரம் முழுவதும் விற்காமல் அழுகத் தொடங்கிய காய்கறிகள் வண்டிகளில் வைத்து ஏலம் விடப்பட்டன. கந்தல் உடுத்திய மக்கள் சில்லறைக் காசை நீட்டி அவற்றுக்காக முண்டியடித்தனர். முட்டைக்கோசு ஒன்றைப் பெற்ற ஒருவர், வீட்டிற்கு எடுத்துச் செல்லவும் பொறுக்காமல் தெருவோரத்தில் அமர்ந்து அதைப் பச்சையாகவே கடித்து உண்டார். உயர நீண்ட அந்த வெறுங்கைகளை ஜேன் ஆடம்ஸ் பின்னர் ஒருபோதும் மறக்கவில்லை.

1888ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்றபோது, டாய்ன்பீ ஹால் என்னும் இல்லத்தைப் பார்வையிட்டார். சாமுவேல் பார்னட், ஹென்றியெட்டா பார்னட் தம்பதியர் 1884ஆம் ஆண்டு நிறுவிய இல்லம் அது. பல்கலைக்கழகம் பயின்ற இளைஞர்கள் ஏழைகளின் பகுதியிலேயே குடியேறி, அவர்களோடு வாழ்ந்து பணிபுரிந்தனர். தாம் தேடிய வழி இதுவே என அம்மையார் உணர்ந்தார்.

ஹல் இல்லம்

சிக்காகோ நகரம் 1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்து, மீண்டும் எழுந்து, 1890ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் மக்களைத் தாண்டிய தொழில் நகரமாகப் பெருகியிருந்தது. வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தோரும் அவர்தம் பிள்ளைகளுமே அங்கு பெரும்பான்மையினர். இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ் மக்கள், போலந்து, ரஷ்ய நாடுகளிலிருந்து வந்த யூதர்கள், போஹிமியர் எனப் பல இனத்தார் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாது.

அத்தகைய பகுதியில், ஹால்ஸ்டெட் தெருவில், சார்லஸ் ஹல் என்பவர் 1856ஆம் ஆண்டு கட்டிய பழைய மாளிகை ஒன்று இருந்தது. தம் கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அம்மையார் அங்கு குடியேறினார். தந்தை வழி வந்த தம் சொத்தை அதற்குச் செலவிட்டார். அம்மாளிகைக்கு வாரிசான ஹெலன் கல்வர் அம்மையார் பின்னர் வாடகையின்றியே அதை வழங்கினார்.

முதலில் தொடங்கப்பட்டது மழலையர் பள்ளி. ஜென்னி டௌ என்னும் இளம்பெண் ஊதியமின்றி அதை நடத்தினார். அடுத்து, வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகளுக்கான காப்பகம், மாலை வகுப்புகள், சிறுவர் மன்றங்கள், மகளிர் மன்றம், நூல் வாசிப்பு, தையல், சமையல் எனப் பணிகள் விரிந்தன. இரண்டாம் ஆண்டிலேயே வாரந்தோறும் ஏறத்தாழ 2,000 பேர் அவ்வில்லத்திற்கு வந்து சென்றனர். அங்குத் தங்கிப் பணிபுரிந்தோர் தம் உணவுக்கும் உறைவிடத்திற்கும் தாமே பணம் செலுத்தினர் என்பது நாம் குறித்துக் கொள்ளத்தக்க செய்தி. தொண்டின் பெயரால் வந்த பணம் தொண்டர்களின் உணவுக்குச் செலவாகவில்லை.

கேட்டறிந்து செய்த உதவி

தொடக்கத்தில் சறுக்கல்களும் நேர்ந்தன. ஏழைகள் சத்தில்லாத உணவை உண்கின்றனர் எனக் கண்ட தொண்டர்கள், ஆய்வறிஞர் முறைப்படி சமைத்த சத்துணவைக் குறைந்த விலையில் விற்பதற்குப் பொதுச் சமையற்கூடம் அமைத்தனர். மக்கள் அதை விரும்பி வாங்கவில்லை. ஒவ்வோர் இனத்தாருக்கும் தம் நாக்கிற்குப் பழகிய உணவே வேண்டியிருந்தது. ஆனால், அதனுடன் 1893ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காப்பிக்கடையோ மக்கள் கூடிப் பேசும் இடமாக நிலைபெற்றது. பெறுபவரைக் கேளாமல் கொடுப்பவர் தாமே முடிவு செய்த உதவி வீணாகும் என்பதை அம்மையார் இதிலிருந்து கற்றார்.

மற்றொரு நிகழ்ச்சி. காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தங்கும் விடுதிக்குப் பணம் கட்ட இயலாதவர்களே முதலில் பணிந்து போக நேர்ந்தது. இதைக் கூட்டத்தில் பேசிய பெண்கள், கூட்டுறவு முறையில் தங்களுக்கென ஒரு விடுதி வேண்டும் என்றனர். அவ்வாறே அது தொடங்கப்பட்டது. முதல் மாத வாடகையையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் மட்டுமே ஹல் இல்லம் வழங்கியது. அதன்பின் நிர்வாகம், கணக்கு அனைத்தையும் அப்பெண்களே பார்த்துக்கொண்டனர். மூன்றாம் ஆண்டின் இறுதியில் ஐம்பது பேர் அதில் தங்கியிருந்தனர்.

அவ்விடுதிக்குத் தனிக் கட்டடம் தேவைப்பட்டபோது, 20,000 டாலர் தர ஒரு செல்வர் முன்வந்திருப்பதாக அறங்காவலர் ஒருவர் நற்செய்தி கொண்டு வந்தார். அச்செல்வரோ தம் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு மிகக் குறைந்த கூலி கொடுப்பதில் பெயர் பெற்றவர். உழைக்கும் பெண்களுக்கான விடுதியை, உழைக்கும் பெண்களின் கூலியைக் குறைத்துச் சேர்த்த பணத்தில் கட்டுவதற்கு அம்மையார் மனம் ஒப்பவில்லை. தொகை பெரிது; தேவையும் பெரிது. எனினும் மறுத்துவிட்டார். பொதுப்பணி செய்வோர் பணத்தின் அளவை மட்டுமன்றி, அது வந்த வழியையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

உள்ளத்தைத் தைத்த ஒரு மரணம்

1893ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியும் அவ்வாண்டு அக்டோபர் மாதம் முடிவடைந்ததால், அதை நம்பியிருந்த பல்லாயிரவர் வேலை இழந்தனர். கடுங்குளிரில் வீடற்றோர் நகராட்சிக் கட்டடத்தின் தாழ்வாரங்களிலும் காவல் நிலையங்களிலும் படுத்துறங்கினர். நகரின் தொண்டு அமைப்புகள் பலவும் இணைந்து நிவாரணப் பணியை ஒழுங்குபடுத்த முனைந்தன. ஹல் இல்லத்திலும் ஒரு நிவாரண நிலையம் திறக்கப்பட்டது.

ஒழுங்கு வந்தபோது விதிகளும் வந்தன. ஏதேனும் ஒரு வேலை கிடைக்கும் நிலையில் இருப்பவருக்கு நிவாரணம் தரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அம்மையாருக்கு நெடுநாள் பழக்கமான ஓர் எழுத்தர், வேலை இழந்து, குடும்பத்திற்காக உதவி கேட்டு நான்கைந்து முறை வந்தார். நகரில் கழிவுநீர்க் கால்வாய் வெட்டும் பணி நடைபெறுகிறது. அங்குச் சென்று வேலை கேட்டபின்னரே உதவி பெறலாம் என விதிப்படி அவரிடம் அம்மையார் தெரிவித்தார். தாம் எப்போதும் கட்டடத்திற்குள் அமர்ந்து வேலை செய்தவர் என்றும், குளிர்காலத்தில் திறந்த வெளியில் உழைக்கத் தம் உடல் தாங்காது என்றும் அவர் கூறினார். விதி விதியாகவே நின்றது. அவர் சென்றார்; இரண்டு நாள்கள் மண் வெட்டினார்; நிமோனியாக் காய்ச்சல் கண்டு ஒரு வாரத்தில் இறந்தார். இரண்டு சிறு குழந்தைகளை விட்டுச் சென்றார்.

அக்குழந்தைகளின் வாழ்வை அம்மையார் பின்னரும் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்களைப் பார்க்குந்தோறும் தம் தவறு நினைவுக்கு வந்தது என அவரே ஒளிக்காமல் எழுதி வைத்தார். பல அமைப்புகள் சேர்ந்து பணிபுரிய விதிகள் தேவைதாம். அவையின்றிப் பணம் சிதறும். ஆனால் விதி என்பது ஆளை அறியாதவருக்கு உதவும் கருவி. ஆளை அறிந்தவர் தம் அறிவை ஒதுக்கிவிட்டு விதியை மட்டும் பார்த்தால், உதவியே தீங்காக முடியும். அம்மையாரின் பொதுவாழ்வு முழுவதையும் வழிநடத்திய பாடம் இதுவெனலாம்.

கணக்கெடுப்பும் கூட்டுப்பணியும்

1891ஆம் ஆண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணி ஹல் இல்லத்தில் வந்து சேர்ந்தார். அவர் தலைமையில் 1893ஆம் ஆண்டு அப்பகுதியின் வீடுகள் ஒவ்வொன்றும் கணக்கெடுக்கப்பட்டன. மூன்றில் ஒரு சதுர மைல் பரப்பில் 18 நாட்டினத்தார் வாழ்வது தெரியவந்தது. எந்த வீட்டில் எந்த இனத்தார், வாரக் கூலி எவ்வளவு என்பன வண்ண வரைபடங்களாக்கப்பட்டு 1895ஆம் ஆண்டு நூலாக வெளியிடப்பட்டன. எங்கே எவ்வளவு தேவை என்பது அனைவரும் கண்ணால் காணும்படி ஆயிற்று.

ஹல் இல்லத்தின் முதற் கிறிஸ்துமஸ் விழாவில் சிறுமியர்க்கு மிட்டாய் கொடுத்தபோது, சிலர் அதை வாங்க மறுத்தனர். மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரங்கள் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை செய்து அதைக் காணவே வெறுத்துப்போன குழந்தைகள் அவர்கள். இத்தகைய உண்மைகளை நேரில் அறிந்தவர்கள் தொழிற்சங்கங்களோடும் மகளிர் அமைப்புகளோடும் சேர்ந்து குரல் கொடுத்ததன் விளைவாக, 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1893ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் இயற்றப்பட்டது. கெல்லி அம்மையாரே அதன் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார்.

குப்பை அகற்றும் பணி மற்றுமோர் எடுத்துக்காட்டு. சந்துகளில் மரப்பெட்டிகள் நிரம்பி வழிந்தன. குழந்தைகள் அவற்றைச் சுற்றி விளையாடி நோயுற்றனர். மகளிர் மன்றத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள் மாலை நேரங்களில் சந்து சந்தாகச் சென்று, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் 1,037 குறைகளை ஆதாரத்துடன் நகரச் சுகாதாரத் துறைக்கு எழுதி அனுப்பினர். அதற்கும் அசையாததால், 1895ஆம் ஆண்டு குப்பை அகற்றும் ஒப்பந்தத்திற்கு அம்மையாரே விண்ணப்பித்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை, ஆனால் நகரத் தலைவர் அவரைத் தம் வட்டத்தின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். காலை ஆறு மணிக்கே எழுந்து வண்டிகளின் பின்னே அவர் சென்றார். ஒரு குறுகிய தெருவில் பதினெட்டு அங்குல ஆழக் குப்பையின் கீழே கல் பதித்த தளம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நகரில் இறப்பு விகிதத்தில் மூன்றாம் இடத்திலிருந்த அவ்வட்டம் ஏழாம் இடத்திற்கு இறங்கியது.

1899ஆம் ஆண்டு அமெரிக்காவிலேயே முதலாவது சிறார் நீதிமன்றம் சிக்காகோவில் அமைந்தது. தவறு செய்த சிறுவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவதே அதன் நோக்கம். ஆனால் அவ்வலுவலர்களுக்கு ஊதியம் தர அச்சட்டத்தில் வழியில்லை. மகளிர் சங்கங்கள் ஒன்றுகூடிக் குழு அமைத்து, நன்கொடை திரட்டிச் சில ஆண்டுகள் அந்த ஊதியத்தை வழங்கின. ஹல் இல்லத்தைச் சேர்ந்த அல்சீனா ஸ்டீவன்ஸ் அம்மையார் முதல் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றினார். பணியின் பயன் தெரிந்த பின்னர் அரசே அச்செலவை ஏற்றது. தொண்டு அமைப்பு வழிகாட்ட, அரசு பின்தொடர்ந்தது.

தோல்வியும் படிப்பினையும்

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. அவ்வட்டத்தின் நகரமன்ற உறுப்பினர் ஜானி பவர்ஸ் ஊழலுக்குப் பெயர் பெற்றவர். அவரைத் தேர்தலில் வீழ்த்த ஹல் இல்லத்தார் பலமுறை முயன்றும் இயலவில்லை. 1898ஆம் ஆண்டு அம்மையார் அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். அந்த உறுப்பினர் இறப்பு நேர்ந்த வீட்டிற்கு முதலில் சென்றார். அடக்கச் செலவை ஏற்றார். வேலையற்றவர்க்கு வேலை வாங்கித் தந்தார். பண்டிகைக்கு இறைச்சி அனுப்பினார். கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என மக்கள் கேட்கவில்லை. துன்ப வேளையில் வந்து நின்றவரை அவர்கள் மறக்கவுமில்லை. நல்லோர் வீட்டு வாசலுக்கு வராத இடத்தில் அல்லாதோர் வந்து அமர்வர் என்னும் உண்மையை அம்மையார் ஒப்புக்கொண்டார்.

புகழும் பழியும்

1907ஆம் ஆண்டளவில் ஹல் இல்லம் 13 கட்டடங்களாக விரிந்தது. அதைப் பின்பற்றி அமெரிக்காவெங்கும் அத்தகைய இல்லங்கள் நூற்றுக்கணக்கில் தோன்றின. நம் நாட்டிலும் மும்பை நாக்பாடாவில், சிக்காகோவில் பயின்ற கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர் இதே முறையில் அண்டை அயலார் இல்லம் ஒன்றை நடத்தினார். இன்று டாடா சமூக அறிவியல் கழகம் என அழைக்கப்படும் கல்வி நிலையம் 1936ஆம் ஆண்டு அவ்வில்லத்தில்தான் தொடங்கப்பட்டது.

முதல் உலகப் போரை அம்மையார் எதிர்த்தார். 1915ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய மகளிர் சமாதான மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அதனால் நாட்டுப்பற்று அற்றவர் எனத் தூற்றப்பட்டார். நன்கொடையாளர் சிலர் விலகினர். அவர் தம் கருத்திலிருந்து பிறழவில்லை. 1931ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு நிக்கலஸ் மரே பட்லருடன் அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. பரிசுத் தொகையையும் அவர் சமாதானப் பணிக்கே வழங்கினார். 1935ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் சிக்காகோவில் காலமானார். பல்லாயிரம் மக்கள் ஹல் இல்லத்தில் வரிசையாக நின்று இறுதி மரியாதை செலுத்தினர். உடல் பிறந்த ஊரான சீடர்வில்லில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின்

பல்கலைக்கழக வளாகம் அமைப்பதற்காக 1963ஆம் ஆண்டு ஹல் இல்லக் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. மூல மாளிகையும் உணவுக்கூடமும் எஞ்சி, அருங்காட்சியகமாக விளங்குகின்றன. இல்லத்தின் பெயரால் இயங்கிய சங்கம் நகரின் பிற பகுதிகளில் பணியைத் தொடர்ந்தது. ஆனால் அதன் வருவாயில் பெரும்பகுதி அரசு நிதியாகவே ஆகிவிட்டிருந்தது. அது குறைந்தபோது ஈடுசெய்யப் போதிய நன்கொடை திரளவில்லை. 122 ஆண்டுகள் நிலவிய அப்பணி 2012ஆம் ஆண்டு சனவரி மாதம் நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டாரின் சிறு பங்களிப்பும் உழைப்பும் சேர்ந்து எழுந்த நிறுவனம், ஒரே ஊற்றை நம்பியதால் வற்றியது. அமைப்புகளை நடத்துவோர் அதன் தொடக்கத்தைப் போலவே இம்முடிவையும் கருதிப் பார்த்தல் நலம்.

நம் ஊர்களில் பைத்துல்மால் உண்டு. இளைஞர் சங்கங்கள் உண்டு. மகளிர் குழுக்கள் உண்டு. வெளிநாட்டில் பணிபுரிவோர் அனுப்பும் உதவியும் உண்டு. இவை அனைத்தும் ஓரிடத்தில் அமர்ந்து, வீடு வீடாக எழுதிய ஒரே பட்டியலை முன்வைத்துப் பேசினால், விடுபட்ட வீடு எதுவென்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். ஆனால் அப்பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் அவ்வீட்டின் படியேறியவராகவும் இருத்தல் வேண்டும். கால்வாய்க்கு அனுப்பப்பட்ட அந்த எழுத்தரின் பெயரும் ஒரு பட்டியலில் சரியாகவே எழுதப்பட்டிருந்திருக்கும். அவர் உடல் குளிரைத் தாங்காது என்பது அவரை அறிந்தவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.